லைனிலேயே இருங்க

“கொஞ்சம் லைன்லயே இருங்க சார், மேனேஜர் பேசுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனவள்தான் அந்தப் பெண். அப்புறம் போனில் பியானோ மட்டும் டிங் டிங் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வேலை பார்த்த கிடங்கை இழுத்து மூடியதிலிருந்து அவர் வீட்டோடுதான் கிடக்கிறார். இப்போது போனில் நடப்பது வேலைக்கான பேட்டி; வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் வரும் புகார்களைக் கேட்கும் வேலை. இதுவும் கைநழுவினால் அடுத்த மாதம் அடுப்பெரிவதே சந்தேகம்.

பேட்டி முடிந்ததும் “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ” என்று ஒரு போடு போட்டால் வேலை நிச்சயம் என்றார் மனைவியின் அண்ணன். காலையிலிருந்து மனுஷன் அதைத்தான் உருப்போட்டுக்கொண்டிருந்தார்.

“ஃபார்வேர்டு இல்ல மாப்ளே, ஃபார்வட்! ர்-ரை அப்படியே முழுங்கிடணும்” என்றபடி போனை ஸ்பீக்கரில் போட்டார் அண்ணன்.

ர்-ரை முழுங்கியதில் கூடவே ‘ஹியரிங்’கில் இருந்த ‘இங்’கும் உள்ளே போய்விட்டது. “டு ஹியர்” என்றார்.

“ஐயோ அப்பா, அங்க ஹியரிங்தான் வரும்!” என்று கத்தினாள் கல்லூரி மகள்.

“ஆயுசு பூரா டைப் அடிச்சவன் சொல்றேன், டு-ன்னா பின்னாடி ஹியர்தான்” என்று எழுந்தார் அவருடைய அப்பா.

“தாத்தா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“என்னடி சொன்னே?”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “மாமா, நீங்க அடிச்ச லெட்டர்ல யாராவது ஒரு குத்தம் சொல்லியிருப்பாங்களா? உட்காருங்க, அவளை நான் கேக்கறேன். ஏய், நீ சொல்றது சரிதான், அதை மெதுவா சொன்னா என்னவாம்? அண்ணே, டீ ஆறுது.”

வீடு அடங்கியது. அடங்கிய வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். அவரோ மறந்துவிடப் போகிறதே என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அப்பா எட்டிப் பார்த்தார். “ஃபார்வர்டுக்கு நடுவுல ‘ஈ’ எதுக்குடா? ‘ஃபோர்வேர்டு’ன்னு புஸ்தகத்துக்கு முன்னுரையா எழுதறே?”

எச்சில் தொட்டு அழித்தார். மை கையெல்லாம் அப்பியது, வியர்வையைத் துடைத்ததில் நெற்றிக்கும் ஏறியது. மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். வந்ததே கோபம்!

“எல்லாரும் வெளியே போங்க! மனுஷனைக் காக்க வைக்கிறதே பொழப்பா இந்தக் கம்பெனிக்கு? எவன் மெஷின் ஓடினா எனக்கென்ன, ஓடாட்டி எனக்கென்ன!”

“கோபம் வராம என்னங்க செய்யும்? இவ்வளவு நேரம் காக்க வச்சா யாருக்கும்தான் வரும்” என்று தண்ணீரை நீட்டினாள் மனைவி. “முதல்ல ஒரு வாய் குடிங்க. என்ன பண்றதுன்னு சேர்ந்து பார்ப்போம்.”

பியானோ சட்டென்று நின்றது. அவர் பதறிப்போய்ப் போனைப் பிடித்து, “லுக்கிங் ஃபார்வட் டு ஹியரிங் ஃப்ரம் யூ!” என்றார். உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் வந்தது. அண்ணனே கை தட்டினார்.

அந்தப் பெண்தான் பேசினாள். “சார், லைன்ல காக்க வச்சு, அந்தப் பக்கம் என்ன பேசறாங்கன்னு கேக்கறதுதான் எங்க பரீட்சையே. போனை அந்த அம்மாகிட்ட குடுங்க, அவங்களால எப்ப வேலைக்குச் சேர முடியும்னு மேனேஜர் கேக்கறாங்க.”