நிஜத்தன்மைக்குப் பத்துக்கு எத்தனை?

ஸ்டியரிங் சாப்பாட்டு மேஜையில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. காற்புள்ளி திருகை இறுக்கினார், மேஜை முனகியது. இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். மேஜை விளிம்பு 'டப்' என்று பெயர்ந்து கையோடு வந்தது.

"அந்த மேஜை உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அவர் மனைவி, வாசலில் செருப்பைக் கழற்றியபடி.

"வந்துட்டியா? நல்ல நேரத்துல வந்தே. இதை ஒரு பக்கம் பிடி."

அவள் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. மேஜைக் காலைப் பிடித்தாள்.

காற்புள்ளி என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவர். எந்த வாக்கியத்தைக் கண்டாலும் அது மூச்சு வாங்க ஓரிடம் விட்டுக் கொடுக்காமல் நகர மாட்டார். மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் 'சைரன்'. பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள்.

ஏழு மாதத்துக்கு முன்பு, ஒரு மழை நாளில், வளைவு ஒன்றில் வண்டி வழுக்கியது. பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய் ஒரு காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்தது. உள்ளே நோயாளி யாரும் இல்லை. கூட வந்த நர்ஸுக்கு நெற்றியில் இரண்டு தையல், அவ்வளவுதான். ரோட்டில் எண்ணெய் கொட்டிக் கிடந்திருக்கிறது, உன் மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எழுதியே கொடுத்துவிட்டார்கள். மனசு அதைப் படித்தது. கை படிக்கவில்லை. வண்டிச் சாவியைத் தொட்டாலே நடுங்கியது. இப்போது அதே ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் மேஜையில் உட்கார்ந்து மற்ற ஓட்டுநர்களை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

"கார் ரேஸ் கேம். பத்திரிகையில புதுசா இளைஞர் பக்கம் ஆரம்பிக்கிறாங்க. விமர்சனம் என் தலையில வந்து விழுந்துடுச்சு. நிஜத்தன்மைக்குப் பத்துக்கு எத்தனை, மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடணும்."

"உங்களுக்கு சைக்கிளே தகராறு!"

"அதைத்தான் ஆசிரியர்கிட்ட சொன்னேன். தெரியாதவர் எழுதினாத்தான் நடுநிலையா இருக்கும்னுட்டார்."

அன்று மாலை அவர் ஓட்டியதை ஓட்டியது என்று சொல்வதற்கில்லை. முதல் நிமிடத்திலேயே புல்வெளிக்குள் புகுந்தார். வெளியே வந்தவர் வந்த வழியே திரும்பிப் போனார். எதிரே பதினேழு கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு பாய்ந்து வந்தன. திரையில் 'தவறான திசை' என்று சிவப்பு எழுத்துகள் பளிச்சிட்டன.

"பாரேன், தேவையில்லாத ஒற்று போடாம எழுதியிருக்கான்" என்று காற்புள்ளி பாராட்டினார்.

சைரன் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். சம்பந்தமே இல்லாதவள் போலத்தான் நின்றாள். மறுநாளும் நின்றாள். மூன்றாம் நாள் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"கியரைக் குறைங்க."

"எதுக்கு?"

"வளைவு வருதில்ல? பிரேக்கை வளைவுக்கு முன்னாடி போடணும். உள்ள போய்ப் போட்டா வண்டி என்ன, உங்க பேச்சைக் கேக்குமா?"

வண்டி கேட்கவில்லை. பாதையோரத்து டயர் அடுக்குகளை முத்தமிட்டு நின்றது.

ஐந்தாம் நாள் அவர் எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். 'கார் வேகமாக, மிக, மிக வேகமாகச் செல்கிறது. நிஜத்தன்மை: பத்துக்குப் பத்து' என்று இருந்தது.

"இது அச்சுல வந்தா வண்டி ஓட்டுற ஜனங்க சிரிப்பாச் சிரிப்பாங்க."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. வேலைக்கே உலை வச்சுடுமோ என்னவோ. நீயே ஒரு சுற்று போய்ப் பாரேன்."

"நானா? வேண்டாம்."

"இதுல சாவியே கிடையாதும்மா."

அவள் சற்று நேரம் அந்த ஸ்டியரிங்கையே பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டார் இருந்தது. ரோட்டின் குண்டு குழியெல்லாம் கைக்குத் தெரிய வேண்டும் என்று அதுவும் அதிர்ந்துகொண்டே இருந்தது. எது அவள் நடுக்கம், எது அதன் நடுக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அது அவளுக்கு ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்தது.

பந்தயம் தொடங்கியது. சைரன் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டு, பதினெட்டாவதாக வந்து சேர்ந்தாள். மொத்தமே பதினெட்டுப் பேர்தான்.

"ரேஸ்ல வழி விடக் கூடாதும்மா."

"அப்போ அவங்க எனக்கு விடட்டும்! ஒருத்தனாவது ஒதுங்குறானா பாருங்க. டேய், வழி விடுங்கடா!"

"சைரன் இல்லைன்னா யார் விடுவா?" என்ற காற்புள்ளி, சற்று யோசித்துவிட்டு, வாயைக் குவித்து, "ஊ...ய், ஊ...ய்" என்று ஊளையிட ஆரம்பித்தார்.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் சிரித்தபடியே பிரேக்கை மிதித்ததில் ஸ்டியரிங்கோடு வந்த பெடல் பலகை வழுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அதற்கு முட்டுக்கொடுக்க இஸ்திரிப் பெட்டியை வைத்தார். இஸ்திரிப் பெட்டியும் பெடலோடு சேர்ந்து போனது. கடைசியில் காற்புள்ளியே மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். பெடல் நகரவில்லை. அதற்குப் பதிலாக மேஜை நகர்ந்தது. மேஜையைத் துணிக்கொடிக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார். மேஜை நின்றது, ஒவ்வொரு வளைவுக்கும் ஜன்னல் 'கடகட' என்று ஆடியது.

"மெதுவா மிதிம்மா! என் விரல் இருக்கு!"

"விரலை எடுத்துக்கிட்டு எழுதுங்க. பிரேக் சுமார். அசல் பெடல் வேற மாதிரி இருக்கும். கிளட்ச் பரவாயில்ல. எஞ்சின் சத்தம் அசல்."

"சுமாருக்கு அப்புறம் காற்புள்ளி போடவா, முற்றுப்புள்ளி போடவா?"

"உங்க இஷ்டம், ரோட்டை மறைக்காதீங்க!"

எட்டாம் நாள் சனிக்கிழமை. மதியம் அவள் அடுத்த பந்தயத்தைத் திறந்ததும் திரையில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பான் இடமும் வலமும் ஆடியது. ரோடு கண்ணாடி போல மினுங்கியது. மூன்றாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் மெல்ல விலகி, சுற்றி, சுவரில் போய் விழுந்தது.

திரையில் 'மறுபடியும் தொடங்கு' என்று ஒரு பொத்தான் வந்தது.

சைரன் அதை அழுத்தவில்லை. மேஜைக்கு அடியில் அவர் பலகையை விட்டுவிட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு இப்படித்தாங்க போச்சு" என்றாள் அவள். "அச்சு அசல் இப்படியே."

"ம்."

"நர்ஸு, 'அக்கா'ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டா."

"ம்."

"அதை எழுத வேண்டாம்."

"எழுதலம்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். அதே வளைவு, அதே சுவர். மறுபடியும் அழுத்தினாள். எத்தனை தடவை என்று அவர் எண்ணிப் பார்த்தார். பதினாறுக்கு மேல் கை மரத்துப் போனதால் எண்ணிக்கையும் விட்டுப் போயிற்று. ஒரு கட்டத்தில் பின்பக்கம் விலகத் தொடங்கியது. அவள் பிரேக்கைத் தொடாமல், விலகிய பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, பொறுத்து, மெல்ல நேர் செய்தாள். வண்டி வளைவைத் தாண்டி நீளமான ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"போயிடுச்சுங்க! போயிடுச்சு!" என்று துள்ளி எழுந்தாள்.

கயிறு அறுந்தது. மேஜை சாய்ந்தது. ஸ்டியரிங், தண்ணீர்க் குடம், தட்டுகள் எல்லாம் காற்புள்ளியின் முதுகு வழியாகத் தரை சேர்ந்தன.

இரண்டு நிமிடத்தில் கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார்.

"கீழ ஒருத்தருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிட்டிருந்தேன். மேல இடி விழுந்ததும் மனுஷன் பயத்துல வாயை மூடிட்டாரு. என் விரல் உள்ளே இருந்தது!"

"மன்னிச்சுக்கோங்க டாக்டர்" என்றார் காற்புள்ளி, மேஜைக்கு அடியிலிருந்து. "நிஜத்தன்மையைச் சோதிச்சுக்கிட்டிருந்தோம்."

"உங்களுக்கு நிஜம்தானே வேணும்? என் கார் சும்மாத்தான் நிக்குது. அதுல போய் உட்கார்ந்து சோதிங்க. இந்தாங்க சாவி!"

சாவியைக் காற்புள்ளி வாங்கிக்கொண்டார். அவருக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே மனைவியிடம் நீட்டினார். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"ஓட்ட வேண்டாம்" என்றார் அவர். "ஒரே ஒரு சந்தேகம்தான். அசல் பிரேக் பெடல் வேற மாதிரி இருக்கும்னு சொன்னே. எப்படி வேற மாதிரி? சரிபார்க்காம ஒரு வரியை அச்சுக்கு விட்டதில்ல நான். இருபது வருஷப் பழக்கம்."

நின்றிருந்த காரில் உட்கார்ந்து பெடலை மட்டும் மிதித்துக் காட்டினாள். எஞ்சின் ஓடினால்தான் பெடல் இளகும் என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்க எஞ்சினைப் போட வேண்டியதாயிற்று. போட்ட நேரம் பார்த்து எதிர் வீட்டுக்காரர் தன் வண்டியை எடுக்க வேண்டுமென்று நின்றதால் காரைப் பத்தடி பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்தாள். பத்தடிதான். இறங்கியபோது புடவையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து விமர்சனத்தை முடித்தார்கள். அவள் சொன்னாள், அவர் எழுதினார்.

'நிஜத்தன்மை: பத்துக்கு ஆறு. ரோட்டில் யாரும் வழி விடுவதில்லை என்பது நிஜம். விழுந்தவர் ஒரு பொத்தானில் எழுந்துவிடலாம் என்பது பொய். மகிழ்ச்சி: பத்துக்கு ஒன்பது. ஒரு மார்க் குறைத்தது மேஜைக்காக.'

திங்கட்கிழமை அவளுக்கு வார விடுமுறை. மூன்று மணிக்குப் போன் வந்தது.

"காகிதத்தை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்!" என்று பதறினார் காற்புள்ளி. "நாலு மணிக்குப் பக்கம் மூடிடுவாங்க. ஆசிரியர் என் தலைக்கு மேல நிக்கிறாரு."

"படிக்கிறேன், எழுதிக்கோங்க."

"கையெழுத்துப் பிரதியே வேணுங்கிறாரும்மா!"

வாடகை வண்டிக்குப் போன் செய்தாள். மழை வர்ற மாதிரி இருக்கு, அரை மணி ஆகும் என்றார்கள். பேருந்தென்றால் இரண்டு தடவை மாற வேண்டும். பல் டாக்டரம்மா வீட்டுக் கதவைத் தட்டி, விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் சாவி அவள் கைக்கு வந்துவிட்டது.

காரில் உட்கார்ந்தாள். காகிதத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து அதற்கும் பெல்ட் போட்டாள். "பத்தடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்தடி போனாள். பிறகு இன்னொரு பத்தடி.

மேம்பாலத்தில் ஏறும்போது தூறல் விழுந்தது. இறக்கத்து வளைவில் பின்சக்கரம் ஒரு நொடி இலேசாக விலகியது. அவள் பயப்படுவதற்கு முன்பே கை தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. முன்னால் ஒரு லாரி ரோட்டின் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. சைரன் கண்ணாடியை இறக்கி, பதினோரு வருடத்துக் குரலை எடுத்தாள்.

"டேய், வழி விடுடா!"

லாரி ஒதுங்கியது.

கை நடுங்குகிறதா என்று பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

பத்திரிகை அலுவலகத்து வாசலில் வாட்ச்மேன் அவளைக் கண்டதும் கேட்டை அகலத் திறந்தார். உள்ளே வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வாசலை ஒட்டி, கூரைக்குக் கீழே, ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது. அவர் கையைக் காட்ட, ஒரே திருப்பில் வண்டியை அதில் செருகி நிறுத்தினாள். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள்.

"ஐயா, பிழை திருத்துறவர் எந்த மாடி? அவசரம். இளைஞர் பக்கத்துக்குக் கேம் விமர்சனம், நாலு மணிக்குள்ள அச்சுக்குப் போகணும்!"

வாட்ச்மேன் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரித்தார்.

"இளைஞர் பக்கம்னு ஒண்ணு நம்ம பத்திரிகையிலேயே கிடையாதும்மா, ஆனா, 'என் வீட்டுக்காரி வண்டி ஓட்டிக்கிட்டு வருவா, எப்போன்னு தெரியாது, எத்தனை நாளானாலும் இந்த இடத்தை யாருக்கும் விட்டுடாதே'ன்னு சார் சொல்லி இன்னியோட பத்து நாளாச்சு!"