நிக்கலஸ் ஆயரின் தடித்த புத்தகம்

ஆண்டவருக்குப் பயந்து நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு மனிதன் எவ்வளவு கேடு செய்யலாம் என்பதற்கு நானே சாட்சி. உண்மை சொன்ன எட்டு வயதுப் பிள்ளையை அறுபது பேருக்கு முன்னால் பொய்க்காரி என்று வாசித்தவன் நான். அதுவும் ஆயர் உடுப்பில்.

லண்டனுக்கு வர முன்னம் பதினொரு வருடம் சுவிஸில் இருந்தோம். அங்கே டிசம்பர் ஆறாம் தேதி புனித நிக்கலஸ் ஆயர் வீடு வீடாக வருவார். தடித்த புத்தகமொன்றில் பிள்ளைகளின் நல்லது கெட்டதை வாசித்துவிட்டுத்தான் கச்சான் கடலையும் தோடம்பழமும் கொடுப்பார். (புத்தகத்தில் இருப்பதெல்லாம் தாய் தகப்பன் முதலே சொல்லிக்கொடுத்தது.) பக்கத்தில் பிரம்போடு ஒருவன் நின்று வெருட்டுவான்.

லண்டனில் கிங்ஸ்பரிக்கு வந்து பார்த்தால், எங்கள் தமிழ்ப் பங்குக் கோயில் பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்டை நத்தார் பாப்பாவை மட்டும்தான் தெரியும். அவருக்கு மூலம் துருக்கிப் பக்கம் வாழ்ந்த ஒரு பரிசுத்த ஆயர் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. (நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. படிப்பிக்கும் ஆசை மட்டும் பேராசிரியர் அளவு.)

அந்த வருடம் கோயில் மண்டபத்தில் நானே நிக்கலஸ் ஆயராக வருவதென்று முடிவெடுத்தேன். யன்னல் சீலையில் மேலங்கி, மட்டையில் ஆயர் முடி, பஞ்சில் தாடி. பிரம்புக்காரன் வேண்டாம் என்று மனைவி மெர்சி மறித்துவிட்டாள். அவன் வேலையையும் நானே செய்யப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

பெற்றோருக்குப் போன் எடுத்துக் குறைகளை எழுதினேன். பல் தீட்டுவதில்லை, மரக்கறி தின்பதில்லை. அந்தத் தாய்மாரில் றஞ்சி மட்டும் போனில் அழுதாள். அவளுடைய மகள் அனிஷா பொய் சொல்லத் தொடங்கிவிட்டாளாம். வகுப்போடு பார்க்குக்குப் போனபோது, அப்பா அங்கே தனிய மர வாங்கில் குந்தியிருந்ததைக் கண்டேன் என்கிறாளாம்.

"அந்த மனிசன் விடியச் சாப்பாட்டுப் பெட்டியோடை வேலைக்குப் போறார் அண்ணை. நீங்கள் ஒருக்காப் பயப்பிடுத்தி விடுங்கோ."

பயப்படுத்தினேன். மண்டபத்தில் அனிஷாவின் முறை வந்ததும் குரலைத் தடிப்பாக்கி, "தகப்பனைப் பற்றிப் பொய் சொல்லுற பிள்ளை" என்று வாசித்தேன். அவள் அழவில்லை.

"நான் கண்டனான்" என்றாள்.

பொய்யருக்கு மோட்சத்தில் இடமில்லை என்றேன். (பஞ்சு வாய்க்குள் போனது. துப்பிவிட்டுத் தொடர்ந்தேன்.) பிள்ளை பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே தகப்பன் யோகன் எழும்பினான்.

"பிள்ளை பொய் சொல்லேல்லை. வேலை போய் மூண்டு மாசம்."

றஞ்சி அவனைப் பார்க்கவில்லை. பிள்ளைக்குக் கோட்டைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். யோகன் தான் இருந்த கதிரையை மடித்துச் சுவரோரம் வைத்தான். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றான். நானும் கையில் அந்தப் பிள்ளையின் தோடம்பழத்தோடு நின்றேன்.

பஸ்ஸில் மெர்சிதான் வாய் திறந்தாள். மூன்று பெண்பிள்ளைகளைக் கரைசேர்க்க வழியில்லாத ஒரு தகப்பன் வீட்டுக்குள், புனித நிக்கலஸ் இரவில் ஒருவருக்கும் தெரியாமல் பொன்முடிப்பை யன்னலால் எறிந்தவராம்.

"ஏன் எறிஞ்சவர் தெரியுமே? அந்த மனிசன் வெக்கப்படக் கூடாதெண்டு."

அடுத்த ஞாயிறு அனிஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓகே அங்கிள்" என்றுவிட்டுத் தாயின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். றஞ்சி யோகனோடு திரும்பக் கதைக்க உயிர்த்த ஞாயிறு வரை சென்றது. என்னோடு இன்னும் கதைப்பதில்லை.

என் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். வீட்டில் நான் யாரிடம் எதைக் கேட்டாலும், "ஆயர் கேக்கிறார், உண்மையைச் சொல்லிப்போடாதேங்கோ" என்பான் மூத்தவன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். போன கிழமை சின்ன மகளிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவளும் அதே பகிடியைத்தான் சொன்னாள். கேள்விக்கு மறுமொழி சொல்லவில்லை.