எஸ்டேட் ரைட்டர் பேஸ்பால் கோச் ஆனது

என் பேச்சை நாலு பேராவது கேட்கும்படி ஒரு ஏற்பாடு செய்துகொள்வது என்று இந்தச் சித்திரை மாதம் தீர்மானம் செய்தேன். ஆசை பெரிதில்லை. நாலே பேர். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தாலும் பரவாயில்லை.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர். பேர் நல்லமுத்து. யார் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதுவது என் வேலை. யார் எங்கே போக வேண்டும் என்று சொல்வது வேறொருவர் வேலை. வீட்டிலும் எனக்கு அதே உத்தியோகம்தான். மனைவி ராசாத்தி சொல்வாள், நான் குறித்துக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மூட்டை வந்தது. எங்கள் முதலாளியின் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள், எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் விளையாடட்டும் என்று ஒரு பெரிய பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே உருண்டைக் கட்டைகள், பந்துகள், தோல் உறைகள். பேஸ்பாலாம். இது யாருக்குத் தெரியும் என்று முதலாளி ஆபீசில் கேட்டார். ஒரு கை மேலே போயிற்று. அது என் கை என்பது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

ராசாத்தி அப்போது தையல் மெஷினில் யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோச் என்று அறிவித்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கு அந்த ஆட்டம் தெரியுமுங்களா?"

"தெரியாம ஒத்துக்குவனா?"

"சரிங்க."

நான் குழம்பிப்போனேன். கல்யாணமான நாள் முதலாக ராசாத்தி வெறும் 'சரிங்க' சொன்னதே கிடையாது. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு 'ஆனா' வரும். அந்த 'ஆனா'வுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. மெஷின்தான் ஓடியது.

செல்போனில் ஒரு வீடியோ பார்த்து ஆட்டத்தைப் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். ஆனால் கட்டையை அங்கேயே போட்டுவிட வேண்டும். மூன்று மூலைகளில் நின்று நின்று ஓடி, கடைசியில் கிளம்பின இடத்துக்கே வந்தால் ஒரு ரன். அந்த இடத்துக்கு ஹோம் என்று பேர். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த ராசாத்தி ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஊட்டுல இருந்து கிளம்பி ஊட்டுக்கே வரதுக்குத்தானுங்களா இத்தனை ஓட்டம்? பேசாம ஊட்டுலயே இருந்திருக்கலாமுங்களே?"

இதற்குப் பதில் அந்த வீடியோவில் இல்லை.

உறைகளை எடுத்து அடுக்கினால் எல்லாம் இடது கைக்குத்தான் இருந்தன. வலது கை உறைகளை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, பையைக் கவிழ்த்துத் தட்டினேன். முதலாளியிடம் புகார் சொல்லக் கிளம்பியவனை, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மலர்தான் நிறுத்தினாள். உறை ஒரு கைக்கு மட்டும்தானாம். இன்னொரு கை பந்தை எறியவாம்.

எங்கள் மலையில் சமதரை கிடைப்பது கஷ்டம். காபி காயப்போடும் களத்துக்கு மேலே ஒரு துண்டு நிலம் அப்படி இருந்தது. அங்கே முதல் ஞாயிறு பிள்ளைகள் கூட்டமாகத் திரண்டு வந்திருந்தார்கள். என் வாழ்க்கையில் என் எதிரில் அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்த அழகைப் பார்த்துவிட்டு அவர்களை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதிகளை விளக்கினேன். விளக்கத்துக்கு விளக்கம் சொன்னேன். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட் என்றேன். நாலு பால் விழுந்தால் ஓடவே வேண்டாம், நடந்தே போகலாம் என்றேன். பிறகு வரிசையாக நிற்க வைத்து, விசில் அடித்து, களத்தைச் சுற்றி ஓடவிட்டேன். மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் கட்டையைத் தொட்டார்கள். ஒருவன் கட்டையோடு ஓடினான். இன்னொருவன் அடித்த பந்து சரிவில் உருண்டு காபிச் செடிக்குள் போய்விட்டது. தேடப் போனவன் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் முதலாளி போன் செய்தார். குரலில் கலவரம். "ரைட்டரே, லைன்ல நேத்து ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக்குன்னு யாரோ கத்துனாங்களாமே? என்ன கோரிக்கையாம்?" கத்தியது நான்தான் என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கூட்டம் பாதியானது. அதற்கடுத்த ஞாயிறு மலருக்கே வயிற்றுவலி வந்துவிட்டது. நான் விசிலும் கையுமாகப் போய்ப் பார்த்தால், லைனிலேயே சின்னவளான கவிதா மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவள். கையில் ஒரு டம்ளர். எதற்குக் கண்ணு டம்ளர் என்று கேட்டேன். நாலு பால் கொடுப்பதாகச் சொன்னீர்களே என்றாள்.

இது போதாதென்று, மாதக் கடைசி ஞாயிறு ஒரு ஆட்டம் வைக்கும்படியும், போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பப் போவதாகவும் முதலாளி சொல்லிவிட்டார். ஒரு டம்ளரை வைத்து என்ன போட்டோ எடுப்பது? நாலு பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன், உள்ளதும் போய் எஸ்டேட் முழுக்கச் சிரிக்கும்படி ஆகப்போகிறேன் என்று தோன்றியது.

ராசாத்தி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மலரிடம் கேட்டாள், நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே.

"அங்க போயி என்ன சாமி பண்ணுவீங்க?"

"நிப்போம்."

"அப்புறம்?"

"அப்பா பேசுவாரு."

ராசாத்தி எனக்கு ரசம் ஊற்றினாள். ஒரு ஞாயிறு தானும் வந்து பார்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். உனக்கு விதி ஒன்றும் தெரியாதே என்றேன்.

"தெரியாதுங்க. அதனால சீக்கிரம் ஆரம்பிச்சிரலாமுங்க."

அவள் வந்தாள். பழைய காபிச் சாக்குகளில் காபிக்கொட்டைத் தோலை அடைத்துத் தைத்த நாலு திண்டுகளோடு வந்தாள். முதல் மூலையில் ஒன்றைப் போட்டு இது கிளியூர் என்றாள். இரண்டாவது தலைச்சோலை. மூன்றாவது வெள்ளக்கடை. கிளம்புகிற இடம் ஊடு. நான் வாரக்கணக்கில் விளக்கியதெல்லாம் அதோடு முடிந்தது. பஸ் மாதிரி ஊர் ஊராக நின்று ஊடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. சின்னதுகளுக்குப் பந்தை எறியாமல், கவிழ்த்த வாளி மேல் ரப்பர் பந்தை வைத்து அடிக்கச் சொன்னாள். அடி தவறினால் ஸ்ட்ரைக் கிடையாது. 'இன்னொண்ணு அடி சாமி'தான். ஒரு சுற்றில் எல்லாப் பிள்ளையும் அடித்தாக வேண்டும். யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஊடு வந்து சேர்கிற பிள்ளைக்கு ஒரு காபிக்கொட்டை. அது அந்தப் பிள்ளையின் பாக்கெட்டுக்குள் போய்விடும். கடைசியில் எண்ணிப் பார்த்தால் அதுதான் ரன் கணக்கு.

நான் ஓரமாக நின்று ஆட்சேபித்தேன். அவுட்டே இல்லாமல் ஒரு ஆட்டம் எப்படி முடியும் என்று கேட்டேன்.

"பசிச்சா முடியுமுங்க" என்றாள் ராசாத்தி.

அடுத்த வாரம் வெள்ளக்கடையிலிருந்துகூடப் பிள்ளைகள் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். எல்லோரும் அவளை கோச்சம்மா என்றார்கள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. விசிலை ஊதிப் பார்த்தேன். யாரோ ஒரு பையன், தூரத்தில் குக்கர் சத்தம் கேட்கிறது என்றான்.

நான் கோச்சா, இல்லையா? எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று யோசித்து, திட்டம் ஒன்று போட்டேன். முதலாளி வருகிற ஞாயிறு நடக்கும் ஆட்டத்தில் எனக்கு ஒரு அணி, ராசாத்திக்கு ஒரு அணி. என் அணி ஜெயித்தால் அவள் தையலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பிரிக்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன்.

"சரிங்க" என்றாள். இந்தத் தடவை 'ஆனா' வந்தது. "ஆனா ஒண்ணுங்க. பாதி ஆட்டம் முடிஞ்சதும் புள்ளைங்களை மாத்திக்கலாம். எல்லாப் புள்ளையும் ரெண்டு பேருகிட்டயும் ஆடுன மாதிரி இருக்கும்."

'ஆனா' வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. பழைய ராசாத்திதான் என்று தெம்பாகிவிட்டது. பாதிக்குள் நான் எங்கேயோ போயிருப்பேன், அப்புறம் யாரை மாற்றினால் என்ன என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டேன்.

பிரிக்கும்போது நான் கூச்சமே படவில்லை. உயரமானவர்கள், வேகமாக ஓடுகிறவர்கள், பந்தைக் களத்துக்கு அப்பால் அடிக்கிற சக்தி என்கிற பையன், எல்லோரும் எனக்கு. என் மகளையும் எடுத்துக்கொண்டேன். பால் பல் விழாதவர்களும், ஓடும்போது டவுசரைப் பிடித்துக்கொள்கிறவர்களும் ராசாத்திக்கு.

அந்த ஞாயிறு முதலாளி ஜீப்பை நிழலில் நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். சக்தி அடித்த அடியில் ஒரு பந்து சில்வர் ஓக் மரத்தில் மாட்டிக்கொண்டது. கிளியூர், தலைச்சோலை, வெள்ளக்கடை, ஊடு என்று வரிசையாக வந்து கொட்டை வாங்கிப் பாக்கெட்டை நிரப்பினார்கள். ராசாத்தியின் பொடிசுகளில் ஒன்று அடித்துவிட்டு நேரே தலைச்சோலைக்குக் குறுக்கே ஓடியது. இன்னொன்று வெள்ளக்கடையில் உட்கார்ந்து தும்பி பிடித்தது. பாதி ஆட்டத்தில் என் பக்கம் பதினெட்டு, அவள் பக்கம் மூன்று. நான் முதலாளியைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரித்தேன்.

பிள்ளைகளை மாற்றினோம். சக்தி, மலர் எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். பொடிசுகள் இந்தப் பக்கம் வந்தன. ராசாத்தி தன் பக்கம் வந்த பிள்ளைகளின் பாக்கெட்டை நிதானமாக எண்ணிவிட்டு, எங்களுக்குப் பதினெட்டு என்று சொன்னாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பதினெட்டு என்னுடையது என்றேன்.

"எப்படிங்க? புள்ளைங்க அடிச்சது புள்ளைங்க பாக்கெட்ல இருக்குது. புள்ளைங்க எங்க இருக்குதோ அங்கதானுங்களே அதுவும் இருக்கும்? இதுல ஒண்ணாச்சும் நீங்க அடிச்சதுங்களா?"

யோசித்தேன். ஒன்றுகூட நான் அடித்தது இல்லை. ஆனாலும் இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று தோன்றியது. எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. நியாயம் கேட்டு முதலாளியிடம் போனேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "அம்மா சொல்றதுதான் சரி மாதிரி தெரியுதுங்க ரைட்டரே" என்றார். அவருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டார்.

ஆக, மூன்று கொட்டையும் ஒரு கும்பல் பொடிசுமாக நான் நின்றேன். அந்தப் பக்கம் சக்தி கட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஜெயிக்கிற பேச்சே இல்லை. அதனாலோ என்னவோ, பேசவும் தோன்றவில்லை. கவிதாவின் முறை வந்தது. கட்டையை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண் அங்கே இங்கே அலையத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டேன்.

"அடி கண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மூன்றாவது வீச்சில் பட்டது. பந்து வாளியிலிருந்து விழுந்து நாலு அடி உருண்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடு என்றால், எங்கே என்றாள். கையை நீட்டினேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக ஓடினோம். கிளியூரில் என் செருப்பு ஒன்று கழன்றது. தலைச்சோலையில் இன்னொன்று. இது விதிப்படி சரியா என்று ஒரு நிமிஷம் குழப்பம் வந்தது, ஆனால் நிற்கத் தோன்றவில்லை. பந்தை எடுத்து எறிய வேண்டிய மலர் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற பொடிசுகளும் எங்கள் பின்னால் ஓடிவரத் தொடங்கிவிட்டன. எல்லோரும் சேர்ந்து ஊட்டின் மேல் விழுந்தோம். முதலாளி எழுந்து நின்று போட்டோ எடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

படுதோல்விதான். எத்தனை என்று நான் எண்ணவில்லை. முதலாளி போகும்போது ராசாத்தியைக் கூப்பிட்டு, ஸ்கூல் திறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விடாமல் நடத்தும்படி கேட்டுக்கொண்டார். ராசாத்தி சரிங்க என்றாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தார், வாழ்த்துவதா வேண்டாமா என்று தெரியாதவர் மாதிரி. கவிதா என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். குளிர் காற்றில் ஓடியதில் ஒழுகிக்கொண்டிருந்தது. துண்டால் துடைத்துவிட்டு அனுப்பினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மலர் முன்னால் ஓடிவிட்டாள். ராசாத்தி தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடைசியில் நானே கேட்டேன், கோச் என்று பார்த்தால் இன்றைக்கு நான் எப்படி என்று.

ராசாத்தி கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு மூக்கு நொம்ப நல்லாத் தொடைச்சு உட்டீங்க" என்றாள்.