சிலிண்டர் ஹெட்டுக்குள்ள எவ்வளவு காத்து போகும்?

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலதான் மக்கா. ஒரு நம்பர் கண்டுபிடிக்கணும்.

பகல்ல நான் சங்கரன்கோவில்ல செல்போன் கடைக்காரன். கடைய அடைச்சுட்டா விஞ்ஞானி. பழைய மோட்டார் சைக்கிள் என்ஜின கம்ப்யூட்டருக்குள்ளயே ஓட்டிப் பாக்குத சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சிருக்கேன். பெட்ரோல் செலவு கெடையாது, கையில கிரீஸ் ஒட்டாது. என்னைய மாதிரி சோம்பேறிக்குன்னே செஞ்சது.

அது பிஸ்டன் அளவு கேட்டுச்சு, குடுத்தேன். வால்வு அளவு கேட்டுச்சு, குடுத்தேன். கடேசில, "சிலிண்டர் ஹெட்டு வழியா காத்து எவ்வளவு போகும்?"னு கேட்டுட்டு அப்படியே நின்னுட்டு.

என்ஜின் மேல மூடி மாதிரி ஒண்ணு இருக்கும்லா, அதுதான் ஹெட்டு. கார்ப்பரேட்டர்லேருந்து வார காத்தும் பெட்ரோலும் அதுல இருக்க ஓட்டை வழியாத்தான் உள்ள போகும். வண்டிக்கு மூக்குன்னு வச்சுக்கிடுங்க.

இன்டர்நெட்ல தேடுனேன். ஒருத்தன் ஒரு நம்பர் போட்டிருக்கான். இன்னொருத்தன் அதுல பாதி போட்டிருக்கான். மூணாவது ஆளு ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போட்டிருக்கான். எப்பேர்ப்பட்ட நியாயஸ்தன்!

பழைய என்ஜின் பைத்தியங்களுக்குன்னு ஒரு குரூப்பு இருக்கு. அட்மின் இங்கிலாந்துல ஒரு பெரிய மீசைக்காரர். அவருட்ட கேட்டேன்.

"அடுத்தவன் சொன்ன நம்பர் இங்க செல்லாது. அளந்தவன் மட்டும் பேசலாம்"னுட்டாரு.

எனக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. "நானே அளந்து போடுதேன்"னு டைப் பண்ணிட்டேன். ஹெட்டு இல்ல, அளக்க மிஷின் இல்ல, அளந்து பழக்கமும் இல்ல. வாய் மட்டும் இருந்துச்சு.

ஹெட்டுக்கு எங்க போக? எங்க மாமாட்ட அதே என்ஜின் வண்டி இருக்கு. மாமான்னா பொண்டாட்டியோட அப்பா. புளியங்குடில எலுமிச்சம்பழ வியாபாரம். அந்த வண்டிய மகன விட மேலா வச்சிருக்காரு.

"மாமா, வண்டி ஒரு மாதிரி இருமுது. நான் சர்வீஸ் பண்ணித் தாரேன்"னேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே மாப்ளே?"

"உங்களுக்குக் கேக்காது மாமா. உள் இருமல்."

நம்பிட்டாரு பாவம். ஆனா ஒரு கண்டிசன் போட்டாரு. "வெள்ளிக்கெழம உங்க மச்சினனுக்கு கடையநல்லூர்ல நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டு வாசல்ல நான் அந்த வண்டிலதான் போயி எறங்குவேன். வண்டி ஓடலன்னு வைங்க, உங்க தோள்லதான் ஏறி வருவேன்."

மாமா நல்லா சாப்பிடுத ஆளு. நான் சிரிச்சுக்கிட்டே தோளத் தடவிப் பாத்துக்கிட்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்துச்சு. மெக்கானிக் சுடல வந்து ஹெட்டக் கழட்டிக் குடுத்தான். "எதுக்கு அண்ணாச்சி, நல்லாத்தான ஓடுது?"ன்னான். "ஆராய்ச்சி"ன்னேன். என்னைய ஏற எறங்கப் பாத்துட்டுப் போயிட்டான்.

அடுத்து காத்த உறிய மிஷின் வேணும். வீட்ல ஒரு வாக்குவம் கிளீனர் கெடந்துச்சு. மச்சினன் துபாய்லேருந்து அவங்க அக்காவுக்குக் கொண்டுவந்தது. அக்கா, அதாவது என் பொண்டாட்டி செல்வி, அத ஒரு நாளும் போட்டதில்ல. வீட்டுக்கு வாரவங்களுக்குக் காட்டுததுக்கு மட்டும். வீடு பெருக்க வெளக்கமாறு.

அவ மார்க்கெட்டுக்குப் போன நேரமாப் பாத்து மிஷின எடுத்து ஹெட்டுல மாட்டுனேன். பக்கத்துல ஒரு டியூப்ல கலர் தண்ணி. மிஷின் காத்த இழுக்க இழுக்கத் தண்ணி ஏறும், அத வச்சுக் கணக்குப் போடணும். கலருக்கு எங்க போக? அடுக்களைல நன்னாரி சர்பத்து இருந்துச்சு.

சுவிச்சப் போட்டேன். சர்பத்து சர்ருன்னு ஏறிச்சு. ஏறி, டியூப்பத் தாண்டி, நேரா துபாய் மிஷினுக்குள்ள போயிட்டு!

சாயங்காலம் மிஷின்ல எறும்பு வரிசை கட்டி ஏறுது. செல்வி இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னா. "ஏங்க, எறும்பு வேலைக்கா போகுது?"

"அதுக்கு என்ன தெரியும் செல்வி, புதுசா இருக்குன்னு பாக்க வந்திருக்கும்."

அன்னைக்கு எனக்குச் சோறு கெடச்சது. கொழம்பு கெடைக்கல.

மறுநாள் தொடச்சுட்டு, பச்சத்தண்ணி ஊத்தி அளந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் வருது. நெறையா வருது, கொறைய வருது. பொறவுதான் புரிஞ்சுது, எங்க தெரு பூரா விசைத்தறி. தறி ஓடுனா கரண்டு கீழ எறங்குது, மிஷினுக்கு மூச்சு வாங்குது. உலகத்துல எந்த விஞ்ஞானிக்கும் வராத சோதனை பாத்துக்கிடுங்க! தறிக்காரங்க டீ குடிக்கப் போகுத நேரத்துலதான் அளக்கணும்னு முடிவு பண்ணுனேன்.

அன்னைக்குச் சாயங்காலம் வண்டியப் பாக்க மாமா வந்துட்டாரு. முன் ரூம்ல ஹெட்டு தனியாக் கெடக்குததப் பாத்ததும் அவருக்கு மொகமே செத்துப் போச்சு.

"என்ன மாப்ளே, தலைய எடுத்துட்டீங்க?"

"உள் இருமல்னா தலையத் தொறந்துதான் மாமா பாக்கணும்."

பெருமூச்சு விட்டுட்டு அங்கனயே பாய விரிச்சுட்டாரு.

காலைல தறிச்சத்தம் நின்னுச்சு, டீ நேரம். மிஷினப் போட்டேன். ஒரு நம்பர் வந்துச்சு. திரும்பப் போட்டேன், அதே நம்பர். மூணாவது தடவையும் அதேதான்! அசையல!

முந்தின நாளு வந்ததுல கால்வாசி கூட இல்ல. ஆனா என்ன? அசையாத நம்பர்லா உண்மையான நம்பர்! குரூப்புல போட்டேன்.

குரூப்பு அல்லோலகல்லோலப்பட்டுட்டு. "இத்தன வருசமா நாம எல்லாரும் தப்பு"ன்னு ஒருத்தன். "அந்தக் காலத்து என்ஜினியர் வேணும்னே காத்தக் கொறச்சிருக்கான், என்ன மூளை!"ன்னு மீசைக்காரர். அவரு படமெல்லாம் போட்டு ஒரு பக்கத்துக்கு வெளக்கம் எழுதிட்டாரு. நானும் "ஆமா, எனக்கு முன்னாலயே சந்தேகம் இருந்துச்சு"ன்னு போட்டேன்.

சாஃப்ட்வேர்ல அந்த நம்பரக் குடுத்தா, என்ஜின் மாவாட்டுத கிரைண்டர விட நோஞ்சானாத் தெரியுது. அப்பவாது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலியே!

அன்னைக்கு வியாழக்கெழம. சாயங்காலம் சுடல வந்து ஹெட்ட மாட்டுனான். "கார்ப்பரேட்டர நான் மாட்டுதேன்"னேன். விஞ்ஞானில்லா!

மாமா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஒரு மிதி மிதிச்சாரு. வண்டி 'புஸ்'ஸுன்னுச்சு. மறுபடியும் மிதிச்சாரு, 'புஸ்'. சுடல மிதிச்சான். நான் மிதிச்சேன், செருப்பு அந்துபோச்சு. தெருவே வேடிக்க பாக்குது. விடிஞ்சா நிச்சயதார்த்தம். எனக்குத் தோள்பட்டை இப்பவே வலிக்க ஆரம்பிச்சுட்டு.

செல்வி வாசல்ல நின்னு, "எங்க அப்பா சம்பந்தி வீட்டுக்கு பஸ்ல போயி எறங்குனாருன்னா, நீங்க இந்த வீட்டுக்குள்ள ஏற முடியாது"ன்னா. சத்தமே போடாம சொன்னா. அதுதான் பயம்.

அப்பத்தான் மாமா, ஏதோ மறந்தாப்புல மெதுவாக் கேட்டாரு.

"மாப்ளே, உள்ள வச்ச பழத்த எடுத்துட்டீங்கள்லா?"

"எந்தப் பழம் மாமா?"

"எலுமிச்சம்பழம்தான். தொறந்த என்ஜின வெறும் வாயா விடக்கூடாதுலா? கண்ணு பட்டுரும். புதன்கெழம படுக்கப் போகையில சாமியக் கும்பிட்டு ஒரு பழம் வச்சேன். மேல வச்சா உருளுது. அதான் அந்த ஓட்டைக்குள்ள வச்சு நல்லா அமுக்கி விட்டேன்."

கார்ப்பரேட்டரக் கழட்டி டார்ச்ச அடிச்சேன். வளைவுக்கு உள்ள, மஞ்சளா, மங்களகரமா உக்காந்திருக்கு! மிஷின் உறிய உறிய உள்ள போயி கல்லு மாதிரி இறுகிருக்கு. பொறவு நம்பர் எப்படி அசையும்?

விரலு எட்டல, ஸ்பேனரு எட்டல. மாமாதான் தன்னோட கைப்பையத் தொறந்தாரு. பழ மூட்ட தைக்குத கோணி ஊசி. ஒரே குத்து, ஒரு திருகு, பழம் வெளிய வந்துட்டு. கார்ப்பரேட்டரத் திரும்ப மாட்டி ஒரு மிதி. டப்பு டப்புன்னு வண்டி தெருவையே அதிர வச்சுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, சத்தியமா.

"பாத்தீங்களா மாப்ளே, பழம் காப்பாத்திட்டு"ன்னாரு மாமா.

வெள்ளிக்கெழம சம்பந்தி வீட்டு வாசல்ல ராசா மாதிரி எறங்குனாரு. உள் இருமல் சரியாயிட்டுன்னு எல்லார்ட்டயும் என்னையப் பெருமையாச் சொன்னாரு.

குரூப்புல மட்டும் மறைக்க மனசு வரல. "மன்னிக்கணும், அளக்கையில உள்ள ஒரு எலுமிச்சம்பழம் இருந்துச்சு"ன்னு போட்டேன். வெரட்டி விடுவாங்கன்னு நெனச்சேன்.

மீசைக்காரர் உடனே பதில் போட்டாரு: "பழத்தோட சரியான அளவு என்ன?"

மாமாட்ட கேட்டேன். அவரு யோசிக்கவே இல்ல. "பொடிசு. ஊறுகாய்க்குப் போற ரகம்."

அப்படியே போட்டேன். இப்ப அந்தக் குரூப்புல யாரும் சண்ட போடாம ஒத்துக்கிட்ட ஒரே டேட்டா அதுதான்.