பத்து மணி விசாரணைக்கு ஒரு புளூடூத்

"இந்தக் கருமத்துல புளூடூத்த எங்கதான் ஒளிச்சு வெச்சிருக்கானுங்க?"

ட்ரெவர் மேசையில் குத்திய குத்தில் டீக்கோப்பை குதித்தது. மணி ஒன்பது ஐம்பது. பத்து மணிக்கு பவுல்ஸ் கிளப்பில் அவர் மீது விசாரணை. கிளப்புக்குக் கூரை மாற்றுவதால் எல்லாரும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகக் கூட வேண்டும்.

புல்தரையில் பந்து உருட்டும் அந்த ஆட்டத்தில், ஆஸ்திரேலியாவின் மில்டுரா ஊரில் பன்னிரண்டு வருடமாக அவர்தான் கேப்டன். சனிக்கிழமை இறுதிப் போட்டி. இன்றைக்குச் சமாளிக்காவிட்டால் சஸ்பெண்ட். சனிக்கிழமை ஓரமாக நின்று கை தட்ட வேண்டியதுதான்.

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டு நெவில். கடிதத்தில் இருந்தது ஒரே வரி: 'நெவிலிடம் தாங்கள் பேசுவது குறித்து.'

"ஒரு வருஷமா அந்தாள்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல நான்! போன ஃபைனல்ல மெதுவா உருட்டுடான்னா, பந்தைப் பள்ளத்துல தள்ளி கோப்பையைக் கோட்டை விட்டான். அன்னியிலேருந்து வாயே திறக்கல. வெறும் கைச்சாடைதான். பேசாதவன் எப்படித் திட்ட முடியும், மார்லீன்?"

"அதை அங்க சொல்லு, ட்ரெவ். முதல்ல ஹெட்ஃபோனை மாட்டுற வழியைப் பாரு," என்றாள் மனைவி.

பவுல்ஸில் கேப்டன் எதிர்க்கோடியில் நின்று கையால் காட்டுவது வழக்கம். அதனால் அவர் பேசாதது கிளப்பில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் கிறிஸ்துமஸோடு செத்துப்போயிருந்தது. மகள் வாங்கித் தந்த வயரில்லாத ஹெட்ஃபோன்தான் கதி. அதற்கு புளூடூத்தை ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்யும் பொத்தானையே காணோம்.

"ஒருதரம் அணைச்சுப் போட்டுப் பாரேன்."

அணைத்தார். திரை நீலமாகியது. 'அப்டேட் ஆகிறது. 12%.'

"இப்பவா? நேத்து முழுக்கச் சும்மாதானேடா கிடந்தே! தூக்கிக் கொண்டுபோய் முர்ரே ஆத்துல போடறேன் பாரு!"

இந்த அப்டேட் சனியன் ஓய்வான நாளில் வராது. அவசரத்தை மோப்பம் பிடித்துக்கொண்டுதான் வரும். அது முடிந்தபோது மணி பத்து பன்னிரண்டு. நல்லவேளை, பொத்தான் தெரிந்தது. ஆன் செய்தார். பெயர்கள் வரிசையாக வந்தன. முதல் பெயரை அமுக்கினார்.

நம் குரலே நமக்குத் திரும்பக் கேட்கிற சோதனை ஒன்று இருந்தது. அதைத் தட்டி, "ஹலோ!" என்றார். கூடத்து டிவியிலிருந்து "ஹலோ!" என்று இடி இடித்தது. மார்லீன் கையிலிருந்த லாமிங்டன் கேக் தட்டு தரையில்.

"மனுஷனா நீ?"

டிவியைத் துண்டித்துவிட்டு, அடுத்ததாக எழுத்தும் எண்ணுமாக இருந்த ஒன்றை அமுக்கினார். 'இணைக்கப்பட்டது.' ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மறுபடி பேசினார். காதில் ஒன்றும் விழவில்லை. கத்தினார். அப்போதும் இல்லை. ஆத்திரம் தலைக்கேறியது.

"டேய் நெவில், மரமண்டை! உன்னாலதான்டா இந்த அவஸ்தை! நாப்பது வருஷம் கூடவே சுத்தினவன், 'தப்பு என்னுதுடா'ன்னு ஒரு வார்த்தை வந்து சொன்னியா? நீ வருவேன்னு பியர் வாங்கி ஃபிரிட்ஜ்ல வெச்சேன்டா! ஒரு வாரம் பாத்துட்டு நானே குடிச்சுத் தொலைச்சேன்! என் மேலயே புகார் குடுக்கறியா? நன்றி கெட்டவனே!"

"ட்ரெவ்," என்றாள் மார்லீன் மெதுவாக. "அந்த ஹெட்ஃபோன்ல லைட்டே எரியல. நீ அதை ஆன் பண்ணவே இல்ல."

"அப்போ இது எதோட இணைஞ்சிருக்கு?"

வாசலில் மணி அடித்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நெவில் நின்றார்.

"வேலி ஓரமா உக்காந்து காது மெஷினுக்கு பேட்டரி மாத்தினேன்டா. திருப்பி மாட்டினா உள்ள நீ கத்தறே!"

ட்ரெவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "எது வரைக்கும் கேட்டுச்சு?"

"மரமண்டையிலேருந்து நன்றி கெட்டவன் வரைக்கும்."

சனிக்கிழமை போயே போய்விட்டது. பன்னிரண்டு வருட கேப்டன் பதவியும் அதோடு சரி.

"போ, போய் செகரட்டரி பெவர்லிகிட்ட சொல்லு. இதுவரைக்கும் திட்டல, இப்ப திட்டிட்டேன். தாராளமா என்னைத் தூக்கச் சொல்லு!"

"ஃபோன்ல சொல்லிட்டுத்தான் வரேன். புகாரை வாபஸ் வாங்கிட்டேன்."

"இவ்ளோ திட்டு வாங்கினப்புறமா? ஏன்டா?"

நெவில் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா நீ என்கிட்ட பேசவே மாட்டேங்கறேன்னுதானேடா புகாரே குடுத்தேன்."