நாக்கு மட்டும் எங்கள் துறை

பள்ளிச் சிறாரின் பேச்சு மற்றும் மொழி இடர்ப்பாடுகளுக்கான காரணிகளைக் கண்டறிவது என்று மேலிடம் முடிவு செய்தது. காரணிகள் மொத்தம் இருபத்திரண்டு என்பதையும் மேலிடமே முடிவு செய்துவிட்டது. ஆகவே வேலை சுலபமாகிவிட்டது. பொருத்தமான குழந்தைகளைத் தேடிப் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி.

அருள்புரம் வட்டாரத்தில் இத்திருப்பணி கள அலுவலர் மகுடேஸ்வரனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கையில் ஒரு செல்போனும் கழுத்தில் ஓர் அடையாள அட்டையுமாக அங்கிருந்த ஆரம்பப் பள்ளிக்கு எழுந்தருளினார்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் இந்துமதி, இப்படி யாராவது வரமாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவர். அவர் வகுப்பில் நித்யஸ்ரீ என்று எட்டு வயதுப் பெண். சவும் டவும் அவள் வாயில் ஒரே எழுத்து. பாதி வார்த்தையை முழுங்கிவிடுவாள். மற்ற பிள்ளைகள் சிரித்துச் சிரித்து, அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதையே விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் எப்போதும் பஞ்சு இருக்கும்.

அவளுடைய அம்மா விஜயராணியையும் டீச்சர் வரச் சொல்லியிருந்தார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். அரை நாள் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

மகுடேஸ்வரன் போனைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். "காரணி நெம்பர் நாலுங்க. கொழந்தைகிட்ட ஒரு நாளைக்கு எத்தன வார்த்த பேசுவீங்க?"

விஜயராணி விரல் விட்டு எண்ணினாள். "எந்திரி, குளி, தின்னு, ஓடு. ஷிப்ட் முடிஞ்சு வந்தா, படு. அஞ்சுங்கய்யா."

"அஞ்சா! கொறஞ்சது ரெண்டாயிரம் பேசோணுமுங்க."

"அதுக்கு லீவுல்ல போடணும்யா."

"லீவு நம்ம காரணியில வராதுங்க. நெம்பர் ஒம்பது. உங்க ஊட்டச் சுத்தி வேற பாஷ பேசறவங்க இருக்கறாங்களா?"

"அடுத்த ரூம்ல ஒடிசாக்காரங்க, எதுத்த ரூம்ல பீகார்க்காரங்க. அந்தப் பிள்ளைகளோடதான் இவ வெளையாடுவா."

மகுடேஸ்வரன் முகம் மலர்ந்தது. "காரணியப் புடிச்சாச்சுங்க டீச்சர்!"

"அது இல்லீங்க சார்," என்றார் இந்துமதி. "மூணு வயசுல இருந்து இவளுக்குக் காதுல சீழ் வருதுங்க. செரியாக் கேக்காததுனாலதானுங்க பேச்சு வரல."

மகுடேஸ்வரன் போனில் இருந்த படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "காதுக்குக் கட்டமே இல்லீங்களே."

"ஏனுங்க, காதுல விழுந்தாத்தானுங்க வாயில வரும்?"

"நாயந்தானுங்க. ஆனா காது சுகாதாரத் துறைங்க. நாக்கு மட்டுந்தான் எங்க துறை. நாங்க போயி காதத் தொட்டா அவங்க சங்கடப்படுவாங்க."

கடைசியாக, குழந்தையின் வாய்மொழி வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் எழுதியிருந்ததை வாசித்தார்.

"மாணவியே, பேச்சு இடர்ப்பாடு தொடர்பாக அரசின் உதவி ஏதேனும் உனக்குத் தேவையா?"

நித்யஸ்ரீ உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். உதட்டைப் போன் மறைத்திருந்தது.

"கேக்கல," என்றாள்.

"உதவி எதுவும் மாணவி கேட்கவில்லை" என்று மகுடேஸ்வரன் பதிந்தார்.

"சார்! காது கேக்கலைன்னு சொல்றாளுங்க!"

"அவ வாயில வந்தத மாத்த முடியாதுங்க டீச்சர். அதுவும் எத்தன சுத்தமாச் சொன்னா பாருங்க. இடர்ப்பாடு இருக்கற கொழந்தை இப்படிச் சொல்லுமுங்களா?"

ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பழகிய வார்த்தை அது. அது ஒன்றுதான் அவளுக்குத் திருத்தமாக வரும்.

பத்தே நாளில் சான்றிதழ் வந்தது. 'பேச்சு இடர்ப்பாடு இல்லாப் பள்ளி' என்று கேட்டில் பிளெக்ஸ் கட்டினார்கள். தலைமை ஆசிரியர் கந்தப்பன் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஆசிரியர்களைக் கூட்டி, "இனிமே நம்ம பள்ளிக்கூடத்துல யாருக்கும் திக்கக் கூடாதுங்க. சான்றிதழ் வாங்கியாச்சு," என்று கேட்டுக்கொண்டார்.

இந்துமதிக்கு மனசு ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை தாயையும் மகளையும் தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். செவிப்பறையில் ஓட்டை என்றார் டாக்டர். சொட்டு மருந்து, மாத்திரை, அப்புறம் முதலில் ஒரு காதுக்கு ஆபரேஷன், சில மாதம் கழித்து மறு காதுக்கு. விஜயராணி லீவு போட்டுப் போட்டு, கம்பெனிக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அவள் முதலிபாளையத்தில் வேறு வேலை தேடிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இந்துமதி தினமும் நித்யஸ்ரீயை எதிரில் உட்காரவைத்து ச, ட சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நாள் அவள் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். "டீச்சர், இது எப்பவுமே கத்துமா?" என்று கேட்டாள். இந்துமதி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. மழை ஏன், கணக்கு ஏன், சத்துணவு முட்டை ஏன் சின்னது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

விஷயம் மேலிடத்தை எட்டியது. கணக்கெடுத்தோம், ஒரே வருஷத்தில் குழந்தை பேசிவிட்டது, ஆகவே பேச வைத்தது கணக்கெடுப்புதான் என்று மேலிடம் கண்டது. வெற்றிக் கதையாக வீடியோ எடுக்க மகுடேஸ்வரனை மறுபடி அனுப்பியது. தலைமை ஆசிரியர், டீச்சர், அம்மா எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

"கண்ணு, எங்க துறை உனக்கு என்ன பண்ணுச்சுன்னு சொல்லு," என்றார் மகுடேஸ்வரன்.

நித்யஸ்ரீ ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரித்தாள். "ஒண்ணும் பண்ணலையே சார். ஆஸ்பத்திரியிலதான் சரியாச்சு. நீங்க என் மூஞ்சியக்கூடப் பாக்கல. அந்தச் சான்றிதழ் பொய்தானே?"

"கண்ணு, பேசாம இரு," என்றார் கந்தப்பன்.

"பெரியவுகளப் பாத்து இப்படியா கேப்ப? பேசாம இருடி," என்றாள் விஜயராணி.

நித்யஸ்ரீ டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சருக்கு இடமாறுதல் கவுன்சிலிங் அடுத்த வாரம். எந்த ஊர் என்பது மேலிடத்தின் கையில். இந்துமதி உதட்டில் விரலை வைத்தார்.

நித்யஸ்ரீ வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் கெஞ்சியும் திறக்கவில்லை.

மகுடேஸ்வரன் அசரவில்லை. "மாணவி மிகவும் ஒழுக்கமாக இருக்கிறார்" என்று பதிந்தார். சாட்சிக் கையெழுத்து மூன்று வேண்டும் என்றார். கந்தப்பன் போட்டார். விஜயராணி போட்டாள். இந்துமதி நித்யஸ்ரீயைப் பார்க்காமல் பேனாவை வாங்கினார். பிறகு அவரும் போட்டார்.