பச்சைத் தடுப்புக்கு நான் ஆசைப்பட்ட கதை

பொறாமைப்படப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. மற்றவர்கள் நகையைப் பார்த்தும் வீட்டைப் பார்த்தும் வயிறெரிவார்கள். நான் எரிந்தது ஒரு தடுப்பைப் பார்த்து. (அதுவும் ஆளுயரம்கூட இல்லை, என் நெஞ்சளவுதான்.)

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பழைய தோட்டத்துப் பங்களாக்களை விடுமுறைக்கு வாடகைக்கு விடும் கம்பெனி. வாடிக்கையாளர்கள் போன் செய்வார்கள். அறை, சுவர் எதுவுமில்லாத ஒரே ஹாலில் நாங்கள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து பதில் சொல்வோம். மேலே தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் தும்முவதுகூடக் கேட்காது.

என் தம்பி பெண்டாட்டி கௌசல்யாவை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். டிக்கோயாவிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம், பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் பேசினால் எதிரே இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அந்த வாயில்லாப் பூச்சிக்குத்தான், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, மனேஜர் ரிஸ்வான் சார் ஒரு தடுப்பு வாங்கிக் கொடுத்தார். உள்ளே பஞ்சு அடைத்து, மேலே தடித்த பச்சைத் துணி போர்த்தியது. சத்தத்தை உறிஞ்சிவிடுமாம். எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே அதை நிறுத்தினார்கள். கௌசல்யா தன் பக்கம் கல்யாணப் போட்டோவைக் குத்தி வைத்தாள். என் பக்கம் மொட்டையாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வருஷமாகத் தொண்டை கிழியப் பேசுகிறவள் நான், தனி அறை மாதிரி சொகுசு அவளுக்கா? அடுத்து சூப்பர்வைசர் வேலையும் அவளுக்குத்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"உனக்கு மட்டும் எதுக்கு அந்தத் தடுப்பு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குக் காது கொஞ்சம் வீக்குங்க மதினி."

பச்சைப் பொய். பக்கத்து லயத்து வீட்டில் குழந்தை சிணுங்கினால் எழுந்துகொள்கிற காது அது.

அடுத்த திங்கட்கிழமை காலை, முதல் பஸ்ஸிலேயே போய், அந்தத் தடுப்பை எங்கள் நடுவிலிருந்து இழுத்து என் மேசையின் மறுபக்கத்தில் நிறுத்தினேன். கல்யாணப் போட்டோவை அவள் மேசையில் வைத்துவிட்டு, முருகன் காலண்டரைக் குத்தினேன். இனி அது என்னுடையது. (நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டேன்.)

கௌசல்யா வந்தாள், பார்த்தாள். "மதினி, அத அங்க வைக்காதீங்க..."

"உன் காதுக்கு நீ வைத்தியம் பாரு," என்றேன்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. வட்டகொடைப் பங்களாவில் தங்கப் போகும் ஒருவர் எனக்குப் போன் செய்து, அங்கே அட்டைக்கடி இருக்குமா என்று கேட்டார். நான் உள்ளதைச் சொல்கிறவள். மழைச் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றினேன்.

"வெளிய நடந்தா கால்ல ஏறத்தான் செய்யும் சார். ரெண்டு சொட்டு ரத்தம் போகும், அவ்வளவுதான். ஹீட்டரும் பழுது, கம்பளி கொண்டாங்க."

அதே நேரம் கௌசல்யா வேறொரு போனில், பூண்டுலோயாப் பங்களாவை முழுசாக எடுக்க வந்த ஒரு கல்யாண வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லீங்க சார், ஹீட்டர் நல்லா இருக்கு... இல்லீங்க, ரத்தமெல்லாம் இல்லீங்க... அது வேற பங்களா சார்..."

கல்யாண வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு, நேரே ரிஸ்வான் சாரைக் கூப்பிட்டிருக்கிறார். சார் ஹாலுக்கு வந்தார்.

"சாரதா, அந்தத் தடுப்ப யாரு எடுத்தது?"

நான் வீராங்கனையாக எழுந்து நின்றேன். "நான்தான் சார். அவளுக்கு மட்டும் எதுக்கு வாங்கிக் குடுத்தீங்க?"

"அது அவளுக்கு வாங்கல. உங்களுக்குத்தான் வாங்கினது," என்றார் சார். "இங்க யாரு போன் பேசினாலும் உங்க குரல்தான் கேக்குதாம். உங்களப் போன்ல இருந்து எடுத்து, பெட்ஷீட் மடிக்கிற வேலைக்கு அனுப்பத்தான் இருந்தேன். இந்தப் புள்ளதான், 'நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன், நடுவுல ஒரு தடுப்பு வச்சுக் குடுங்க, மதினிகிட்ட சொல்லிறாதீங்க'ன்னு கேட்டுச்சு."

எல்லாத் தலைகளும் கீபோர்டுக்குள் இறங்கின. (எங்கள் அப்பா தேயிலை ஃபேக்டரியில் அரைக்கிற மெஷினோடு காது மந்தமாகிப் போனவர். வீட்டில் அவருக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, மனிதக் குரலே இந்த அளவுதான் என்று நினைத்திருந்தேன்.)

அந்த நிமிஷம் எனக்கு நன்றி பொங்கியிருக்க வேண்டும். பொங்கியது என்னவோ வயிற்றெரிச்சல்தான். அழகு, அமைதி, கெட்டிக்காரத்தனம் எல்லாம் ஏற்கெனவே அவளிடம் இருந்தன. இப்போது நல்ல மனசும் இருக்கிறதாம். ஒன்றையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா?

தடுப்பை நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பழைய இடத்துக்கே தூக்கி வந்தோம். அன்று மாலையே அந்தக் கல்யாண வீட்டுக்காரரிடம் மெல்லப் பேசிப் பேசி, பங்களாவை எடுக்க வைத்துவிட்டாள். இப்போது அவள் சூப்பர்வைசர். எனக்கு மூன்று பக்கமும் பச்சைத் தடுப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனால், நான் வாயைத் திறந்ததும் அவன் ஒரு தலையணையைத் தூக்கி எனக்கும் அவளுக்கும் குறுக்கே பிடிப்பான். "இப்பப் பேசுக்கா," என்பான். வீடே சிரிக்கும்.

"சும்மா இருங்க," என்பாள் கௌசல்யா. காற்றுக்குக்கூடக் கேட்டிருக்காது. உடனே தலையணையை இறக்கிவிடுவான். அவன் பிறந்த நாளிலிருந்து நான் கத்திக்கொண்டிருக்கிறேன், என் பேச்சை ஒருநாளாவது கேட்டிருப்பானா?